நூறு கிராமுக்கு

கிளினிக் சுவரில் ஒட்டிய தாளில் எழுதியிருந்தது:
உள்ளி, நூறு கிராமில்
விற்றமின் சி முப்பத்தொரு மில்லிகிராம்,
கல்சியம் நூற்றியெண்பத்தொன்று,
இரும்பு ஒன்று தசம் ஏழு.
மருதமுனையில் அன்றைக்கு வரிசை நீளம்.
மூன்று தடவை வாசித்தேன்.
நூறு கிராமை ஒரே நாளில்
எந்த வாய் தின்னும் என்று
பக்கத்திலிருந்த ஜெசீமாவிடம் கேட்டேன்.
"ஒன்ட புருசனுக்குக் குடுத்துப் பாருகா" என்றாள்.
சிரித்த சிரிப்பில்
என் நம்பரைக் கூப்பிட்டது கேட்கவில்லை.

மிட்வைப் தவமலர் என் விரலைத் திருப்பிப் பார்த்தாள்.
நகக்கண் வெந்து,
நுனித்தோல் வெள்ளையாய்க் கழன்று.
"சவுக்காரமா?"
"இல்ல மிஸ், உள்ளி."

முஸம்மில் ஹாஜியாரின் ஊறுகாய்க் கொட்டிலில்
ஒரு நாளைக்கு எட்டுக் கிலோ உரிக்கிறேன்.
சீனத்து உள்ளி. பல் பெரிது, காரம் குறைவு
என்று சொல்கிறார்கள்
என் விரலைக் கேட்காதவர்கள்.
போகும்போது தோலையும் நிறுப்பார்கள்.
நாலு பல் முந்தானைக்குள் போனால்
தராசு கோள் சொல்லும்.

அன்றிரவு அஸ்னாவின் கொப்பியில், கடைசித் தாளில்
பெருக்கிப் பார்த்தேன்.
எட்டுக் கிலோவென்றால்
நூற்றி முப்பத்தாறு மில்லிகிராம் இரும்பு
தினமும் என் கையைத் தாண்டிப் போகிறது.
என் கார்டில் சிவப்புப் பேனை:
ஹீமோகுளோபின் ஒன்பது தசம் இரண்டு.
இரும்பு கைவழியாக ஏறாது போலும்.
மணம் மட்டும் ஏறும்.
தேசிக்காய்த் தோல், தேங்காய்ப்பூ, கடற்கரை மணல்,
எல்லாம் தேய்த்தாயிற்று.
அஸ்னா என் கையால் சோறு வாங்கமாட்டாள்.
கரண்டி எங்கே என்பாள்.

"குளிசைய விட்டுராதீங்க," என்றாள் மிஸ்.
"உள்ளி குளிசைக்குப் பதில் இல்ல.
ஆனா கறிக்குப் போட்டா
நசுக்கிப் போட்டு, பத்து நிமிசம் சும்மா வைங்க.
அப்பதான் அந்தச் சத்து உண்டாகும்.
உடனே அடுப்பில வெச்சா
உண்டாகாமலே போயிரும்."

முழுப் பல்லுக்கு மணமில்லை, அது சரி.
நசுங்கினால்தான் உள்ளி உள்ளி.
இதை வைத்து எனக்கொரு புத்திமதி சொல்ல
யாரும் வர வேண்டாம்.
நசுங்கினதெல்லாம் மருந்தாவதில்லை,
எனக்குத் தெரியும்.

பத்து நிமிசத்துக்கு எங்கே போக?
சுபஹுக்கு எழும்பினால்
தண்ணீர், புட்டு, வேன்காரனின் ஹோன்,
கொட்டில், திரும்பக் கொட்டில்,
பின்னேரம் மீன்காரன் போகமுன் ஓட்டம்,
மறுகா இரவு.

வெள்ளிக்கிழமை கொட்டில் பூட்டு.
றிஸ்வி கடலுக்குப் போய் மூன்றாம் நாள்.
கடையில் வாங்கிய உள்ளி, என் காசு.
நாலு பல். பன்னிரண்டு கிராம் வரும்.
குழவியால் ஒரு தட்டுத் தட்டிப்
பீங்கானில் வைத்தேன்.
அடுப்பு மூட்டவில்லை.
முருங்கைக்கீரை உருவிக் கிடந்தது,
தேங்காய்ப்பால் பிழிந்து கிடந்தது.
போனில் அலாரம் வைத்துவிட்டு
பலகையில் குந்தினேன்.
கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல்
மடியில் கிடந்தன.
பக்கத்து வீட்டுத் தறி அடித்தது, நின்றது, அடித்தது.

அஸ்னா வந்து எட்டிப் பார்த்தாள்.
"என்னத்தப் பாக்குறீங்க உம்மா?"
"உள்ளிக்குள்ள சத்து உண்டாகுது."
பீங்கானுக்குள் மூக்கை விட்டாள்.
"ஒண்டும் காணல்லியே."
"இன்னும் ஆறு நிமிசம் இரிக்கி."

என் பக்கத்தில் ஒட்டி இருந்தாள்.
என் விரலைப் பிடித்து மணந்து,
முகத்தைச் சுளித்து,
திரும்பவும் மணந்தாள்.

அலாரம் அடித்தது.
நிறுத்திவிட்டு இருந்தேன்.
கொஞ்சம் கூடினால்
கெட்டா போய்விடும்?